தலைக்கு மேல் போவது எந்த ஹெலிகாப்டர்? வாலைப் பார்த்துச் சொல்லலாம்

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் எழுத்தைப் படிக்க முயல்கிறார்கள். இரண்டும் அவ்வளவாக உதவாது. வெயிலுக்கு எதிரே எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். வாலைப் பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், தெருப் பிள்ளைகள் "மாமா, இது என்னதுங்க?" என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏன் வால்? மேலே பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால், கீழே இருக்கும் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். சுவரில் துளை போடும்போது பிட் சிக்கிக்கொண்டால் டிரில்லிங் மெஷின் நம் மணிக்கட்டைத் திருகுமே, அதே சங்கதிதான். அந்தத் திருகலை அடக்க யார் என்ன வழி கண்டார்கள் என்பதிலேயே ஹெலிகாப்டர் வரலாற்றில் பாதி அடங்கிவிடும். அந்த வழி வெளியே அப்பட்டமாகத் தெரிவதால் நமக்கும் வசதி.

வால் நுனியில் சின்ன விசிறி ஒன்று செங்குத்தாகச் சுற்றினால் அது சிகோர்ஸ்கி காட்டிய வழி. கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி, 1939 செப்டம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து கிளப்பினார். கயிறு கட்டித்தான் பறக்கவிட்டார்கள், ஓட்டியவர் அவரேதான். அதிலிருந்து வளர்ந்த ஆர்-4 தான் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்ட முதல் அமெரிக்க ஹெலிகாப்டர்.

அந்த ஆர்-4 செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். 1944 ஏப்ரலில் பர்மா காட்டுக்குள் ஒரு சிறு விமானம் விழுந்துவிட்டது. அதன் விமானியும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் எதிரிப் பகுதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி போனார். சூட்டில் காற்று லேசாகிவிடும். விசிறிக்குப் பிடி கிடைக்காது, என்ஜினும் திணறும். ஒரு நடைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நாலு நடை போய் நாலு பேரையும் கொண்டுவந்தார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் நடத்திய முதல் மீட்பு இது. நம் ஊர் வெள்ளத்தில் ஒவ்வொரு தடவையும் சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து "ஏன் இன்னும் நாலு பேரை ஏற்றக் கூடாது?" என்று கோபப்படுகிறவர்கள், அந்த எடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வால் விசிறி இருக்கிறது. அடுத்து என்ன பார்ப்பது? மேல் விசிறியின் இறக்கைகளை எண்ணுங்கள். வேகமாகச் சுற்றும்போது கண்ணால் முடியாது. போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். (தளத்தின் சுற்றுச்சுவர் பக்கம் போனை நீட்ட வேண்டாம், அங்கே படம் எடுக்கத் தடை.)

மூன்று இறக்கை, சின்ன உடம்பு என்றால் சேத்தக் அல்லது சீத்தா. வால் மூடியிருந்து கீழே சக்கரம் இருந்தால் சேத்தக். வால் வெறும் கம்பிச் சட்டமாக, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி இருந்தால் சீத்தா. பார்க்க ஒல்லிதான், ஆனால் சியாச்சின் பனிமலைக்குச் சாமான் கொண்டுபோவது இது. பிரெஞ்சுக்காரர்கள் லாமா என்ற பெயரில் இதை வடிவமைத்ததே நம் ராணுவத்தின் மலைத் தேவைக்காக. 1972 ஜூன் 21 அன்று ழான் பூலே ஒரு லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். உச்சியில் என்ஜின் அணைந்துவிட்டது. கீழிருந்து மேலே வரும் காற்றே விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்க, என்ஜின் இல்லாமலே பத்திரமாக இறக்கினார். என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நான்கு இறக்கை இருந்து, வாலின் குறுக்குப் பலகைக்கு இரண்டு முனையிலும் செங்குத்துத் தகடு இருந்தால் துருவ். பெங்களூரில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் தயாரித்தது, முதலில் பறந்தது 1992 இல். மயில் படம் போட்டு வந்தால் அது சாரங் சாகசக் குழு. சூலூர்தான் அவர்களுக்குத் தளம்.

ஐந்து இறக்கை, தடித்த உடம்பு, வட்ட ஜன்னல்: எம்ஐ-17. இதன் அண்ணனான பழைய எம்ஐ-8 உம் பார்வைக்கு ஏறக்குறைய இதே மாதிரிதான். வால் விசிறி விமானிக்கு இடப்பக்கம் இருந்தால் 17, வலப்பக்கம் இருந்தால் 8. நம் விமானப்படையில் எம்ஐ-8 ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது இங்கே பார்ப்பது 17 தான்.

வால் விசிறியே இல்லையா? அப்போது மேலே இரண்டு பெரிய விசிறி எதிரெதிராகச் சுற்றும். ஒன்றின் திருகலை மற்றது அடித்துவிடும். முன்னும் பின்னுமாக இருந்தால் சினூக். 2019 மார்ச்சில் சண்டிகரில் சேர்த்துக்கொண்டார்கள். வாலுக்கென்று சக்தி செலவாகாததால் பாரம் தூக்குவதில் கெட்டி. ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே தண்டில் இருந்தால் கடற்படையின் காமோவ். நீண்ட வால் தேவையில்லை என்பதால் கப்பல் தளத்தில் இடம் மிச்சம். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய் கிரகத்தில் எழும்பிய நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனியூட்டிக்கும் இதே அமைப்புதான். எடை வெறும் 1.8 கிலோ, 72 முறை பறந்தது.

என்ன வேலைக்கு வந்திருக்கிறது என்பதை வயிற்றையும் கதவையும் பார்த்துச் சொல்லலாம். கீழே கயிற்றில் பெரிய பை தொங்கினால் காட்டுத்தீ அணைக்கும் தண்ணீர். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் எம்ஐ-17 இப்படித்தான் ஊற்றியது. கதவு திறந்து ஆள் எட்டிப் பார்த்தால் பொட்டலம் போடப் போகிறார்கள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு அப்படித்தான் சாப்பாடு வந்தது. கதவுக்கு மேலே விஞ்ச் (கயிற்றை இறக்கி ஏற்றும் உருளை) இருந்தால் ஆள் தூக்கும் வேலை. 1945 நவம்பரில் கனெக்டிகட் கரைக்கு அப்பால் புயலில் தட்டி நின்ற படகிலிருந்து இரண்டு பேரை சிகோர்ஸ்கியின் ஆர்-5 இப்படித் தூக்கியதில் தொடங்கியது அது.

இனி முக்கியமான பகுதி. உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒன்று இறங்குகிறது என்றால் தார்ப்பாய், தகரம், குடை, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். விசிறிக் காற்று தகரத்தைத் தூக்கி அடிக்கும். ஹெலிகாப்டரில் வந்த ஆள் சைகை காட்டும் வரை கிட்டே போகாதீர்கள். போகும்போது விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கத்திலிருந்து, குனிந்து போங்கள். சுற்றுகிற வால் விசிறி கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடக் கூடாது. சரிவான இடமென்றால் மேட்டிலிருந்து இறங்கி வராதீர்கள். அங்கே இறக்கைக்கும் உங்கள் தலைக்கும் இடைவெளி குறைவு.

மாடியிலிருந்து தூக்க விஞ்ச் கயிறு இறங்கினால் எட்டிப் பிடிக்கக் கூடாது. பறக்கும்போது சேரும் நிலைமின்சாரம் அதில் இருக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். கொக்கி முதலில் தரையிலோ தண்ணீரிலோ படட்டும், அப்புறம் தொடுங்கள். கயிற்றைக் கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். அது ஹெலிகாப்டரையே கீழே இழுத்துவிடும். யார் முதலில் ஏற வேண்டும் என்பதைக் கயிற்றில் இறங்கி வரும் வீரர் சொல்வார். அவர் சொல்கிற வரிசைப்படி ஏறுங்கள்.