சின்ன பாப்-அப் கேம்பர்: கூரையை இறக்கிவிட்டு அளவெடுங்கள்

டொயோட்டா டகோமா மாதிரி நடுத்தர ட்ரக்கின் பின்தொட்டியில் உட்காரும், கூரையைத் தூக்கினால் துணிச்சுவர் விரியும் படுக்கை அறைப் பெட்டிதான் பாப்-அப் கேம்பர், அதற்கு இரண்டு உருவம் உண்டு. ராத்திரி கூரையைத் தூக்கிவிட்டால் நிமிர்ந்து நிற்கலாம், நான்கு பக்கமும் காற்று வரும், சின்ன வீடுதான். பகல் முழுக்க, ஓட்டும்போதும் கடை வாசலில் நிற்கும்போதும், கூரை இறங்கியே இருக்கும், உள்ளே தவழத்தான் முடியும். பெரும்பாலானவர்கள் கூரை தூக்கிய அழகைப் பார்த்து அலமாரி, கொக்கி, மேசை என்று திட்டம் போட்டுவிட்டு, மதியம் மழையில் ஒரு ரொட்டித் துண்டு எடுக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் கூரையை இறக்கி, பின்கதவைத் திறந்து, தரையில் நின்றபடி கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கை எட்டுகிற அந்த இடம்தான் வண்டியிலேயே விலை உயர்ந்த இடம். மழைக்கோட்டு, குடிநீர், மதியச் சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, டாய்லெட் பேப்பர் எல்லாம் அங்கே வர வேண்டும். ஃபிரிட்ஜ் மேல்பக்கம் திறக்கிற வகை என்றால், கூரை இறங்கிய நிலையில் அதன் மூடி முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். விளம்பரத்தில் வரும் எண்ணை விடுங்கள், உங்கள் கதவில் இருப்பதுதான் உங்கள் கணக்கு. நடுத்தர ட்ரக்குகளில் அது பெரும்பாலும் 500 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அடுப்பு, சிங்க், ஹீட்டர் எல்லாம் வைத்துக் கட்டிய கேம்பரே 400 கிலோவைத் தாண்டிவிடும், அதற்கு மேல் இரண்டு பேர் ஏறினால் கணக்கு அங்கேயே உதைக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக 75 லிட்டர் தொட்டியை நிரப்பினால் கூட ஒரு ஆளை ஏற்றின மாதிரி. சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள், முன் அச்சு பின் அச்சு என்று தனித்தனியாகக் காட்டும். பலர் பின்பக்கம் தொங்குகிறது என்று பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டுக்கொள்கிறார்கள். வண்டி நேராக நிற்கும், உண்மைதான், ஆனால் கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண் அதனால் ஒரு கிலோகூட ஏறாது. பாட்டரி, தண்ணீர், டூல்ஸ் மாதிரி கனமானதெல்லாம் தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாலும் இருக்கட்டும்.

சாமான் வைக்க ப்ளைவுட் அலமாரி கட்டித் தள்ள ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். ப்ளைவுட் கனம், அதோடு அதன் மூலைகள் முட்டியைப் பதம் பார்க்கும். சோபாவுக்குக் கீழே இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் மேலிருந்து திறக்கும், அதாவது ஒன்றை எடுக்க மெத்தையைத் தூக்கி மேலே கிடப்பதையெல்லாம் நகர்த்த வேண்டும். முன்பக்கப் பலகையில் ஒரு சின்னக் கதவு வெட்டி, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் தாழ் போடுங்கள், இந்த ஒரு வேலைக்கே பாதி எரிச்சல் போய்விடும். துணிமணிக்குப் பெட்டியே வேண்டாம், ஆளுக்கு ஒரு துணிப்பை போதும், மூலையில் திணித்தாலும் வளைந்துகொள்ளும். சுவரில் எல்-டிராக் என்ற அலுமினியத் தண்டவாளத்தைப் போட்டுவிட்டால் கொக்கி, வலை, பட்டை எதையும் இடம் மாற்றி மாட்டலாம். ஆனால் ஸ்குரூ போடுவது கேம்பரின் சட்டத்தில் இருக்க வேண்டும், வெறும் சுவர்த்தகட்டில் போட்டால் ஆட்டத்தில் பிய்ந்துவிடும். வெளிப்பக்கம் வரை துளை போகிறது என்றால் தண்ணீர் புகாமல் அடைக்கும் ப்யூட்டில் டேப்பும் அதன்மேல் சீலன்ட்டும் வைக்காமல் விடாதீர்கள். தூக்கும் துணிச்சுவரில் மட்டும் எதையும் தைக்காதீர்கள், மாட்டாதீர்கள், அது மடங்க வேண்டிய இடம்.

மெத்தை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் கிடக்கும்போதே கூரை மூட வேண்டும். மூடவில்லை என்று ஏறி உட்கார்ந்து அமுக்கிப் பூட்டினால் தாழ்ப்பாளும் கூரைச் சட்டமும் மெல்ல வளையும். இடம் குறைவு என்றால் தடித்த மெத்தைக்குப் பதிலாக நல்ல அடர்த்தியான ஃபோம் வாங்கலாம். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக ஒரு பிளாஸ்டிக் வலைப்பாய் விரியுங்கள். இல்லாவிட்டால் உடம்புச் சூட்டில் வரும் ஈரம் குளிர்ந்த பலகையில் தண்ணீராகி, சீக்கிரமே கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது, பலர் இதைக் குளிர்ப் பிரச்சினை என்று நினைத்து வெளிக்காற்றை முழுசாக அடைக்கிறார்கள். ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அதனால் உள்ளேயே எரிகிற சின்ன ஹீட்டர் சூட்டோடு மழையையும் கொடுக்கும், கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. புகையை வெளியே தள்ளும் குழாய் உள்ள ஹீட்டர்தான் தூங்கும் இடத்துக்குச் சரி. எவ்வளவு குளிரானாலும் கூரை விசிறியைக் கொஞ்சமும், எதிர்மூலை ஜன்னலை ஒரு விரல் அளவும் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் உயரத்துக்கு அருகில் இருக்கட்டும். ப்ரொப்பேன் காற்றைவிடக் கனமானது, அதன் அலாரம் தரையோரம். துணி ஈரத்தோடு கூரையை மடிக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி தூக்கிக் காயவிடுங்கள்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி ஒன்று, சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் விசிறிக்கும் இரண்டு நாள் தாராளம். அதே அளவு லெட்-ஆசிட் இரண்டு மடங்குக்கு மேல் கனம், அதிலும் பாதியைத்தான் நம்பிப் பயன்படுத்த முடியும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதால் பாட்டரியைக் கேம்பருக்கு உள்ளேயே வையுங்கள். ஃபியூஸ் ப்ளஸ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். சோலார் பேனலைக் கூரையில் வைத்தால் தினமும் அந்த எடையையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும், தூக்க உதவும் கேஸ் ஸ்ட்ரட் போட வேண்டிவரும். என்னைக் கேட்டால் மடக்குப் பேனலை வாங்குவேன். வண்டி நிழலில் நிற்கலாம், பேனல் வெயிலில் கிடக்கலாம்.

சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பக்கம் 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக ரொம்ப நேரம் பிடிக்கும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று போதும், அதை வெளியே மடக்கு மேசையில் வைத்து விசிலடிக்க விடுங்கள், உள்ளே வைத்தால் துணிச்சுவர் முழுக்க ஆவி. இன்னொன்று, கரடி உள்ள இடங்களில் பாப்-அப்பைப் பலர் வேன் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் என்ற வண்டி முகாமில் துணிச்சுவர் உள்ள வண்டிகளுக்கு இடமே கிடையாது. மற்ற முகாம்களில் இரும்புப் பெட்டி கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு பற்பசையும் அதற்குள்ளே போக வேண்டும்.

கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போகும் சாலை மாதிரி அலை அலையான மண்பாதை, எந்த ஸ்குரூவையும் விட்டுவைக்காது. புதிதாகப் போட்டதற்கெல்லாம் நைலான் உள்ள நட்டு அல்லது ஸ்குரூ மரை கழலாமல் பிடிக்கும் பசை போடுங்கள். கேம்பரைத் தொட்டியோடு பிடித்திருக்கும், முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள்களை முதல் ஐம்பது மைலிலும், மண்பாதை விட்டு ஏறியதும் கையால் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பின்பக்கத்து இரண்டுக்கும் எட்டும்படி ஒரு டார்ச்சைக் கதவோரம் மாட்டிவிடுங்கள், இந்த வேலை எப்போதும் இருட்டிய பிறகுதான் வரும்.