வெள்ளத்துக்குப் பிறகு குடிநீர்: குளோரின் போடும் முன் கவனிக்க

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது குளோரின் மாத்திரையைத்தான். ஆனால் கலங்கிய நீரில் அதை அப்படியே போட்டால் பாதி வீண். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால் நீரைத் தெளியவிட்டு, மேலாக எடுத்து, பல மடிப்புத் துணியில் வடிகட்டிய பிறகே மருந்து.

மாத்திரை இல்லையா? வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வீட்டு ப்ளீச் திரவம் லிட்டருக்கு 2 சொட்டு போதும். கலந்து 30 நிமிடம் வையுங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை சேர்த்து 15 நிமிடம் பொறுக்கலாம்.

விறகோ கேஸோ இருந்தால் கொதிக்க வைப்பதே மேல். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி, 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம். பெட்ரோலோ பூச்சிமருந்தோ கலந்த நீருக்கு மட்டும் இவை எதுவும் உதவாது, அதைத் தொடவே வேண்டாம்.

முகாம்களில் பெரும்பாலும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். சுத்தமான நீரை வாய் அகன்ற வாளியில் வைத்து, ஆளாளுக்குக் குவளையை முக்கினால் கிருமி திரும்ப வந்துவிடும். குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரம் கேளுங்கள்.