ரீஸ்டோர் பண்ண எம்ஜிபி வாங்கப் போறீங்களா? பெயிண்ட்ட விடுங்க, குனிஞ்சு கதவுக்குக் கீழ இருக்குற சில்லைப் பாருங்க

பிரிட்டன்ல இருக்கீங்க, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கணும்னு ஆசை, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வண்டிய தொட்டதே இல்லன்னா நான் கைகாட்டுறது எம்ஜி கம்பெனியோட எம்ஜிபி ரோட்ஸ்டர் தான், கூரை இல்லாத ரெண்டு சீட் வண்டி. 1962ல இருந்து 1980 வரைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ஆபிங்டன்ல செஞ்சாங்க, எல்லா மாடலும் சேர்த்து அஞ்சு லட்சத்துக்கும் மேல, அதனால பார்ட்ஸ் இன்னைக்கும் புதுசாவே கிடைக்குது, அந்த 1798 சிசி இஞ்சினும் வீட்டு கராஜ்லயே பிரிச்சு மாட்டுற அளவுக்கு சிம்பிள். ஆனா மேல பெயிண்ட் மட்டும் அடிச்ச வண்டியும், ஒவ்வொரு போல்ட்டா கழட்டி கட்டின வண்டியும் விளம்பர போட்டோல ஒரே மாதிரிதான் பளபளன்னு இருக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தான் இந்தப் பதிவு.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி

வண்டி நம்பர வச்சு அரசாங்க வெப்சைட்ல எம்ஓடி ஹிஸ்டரி ஃப்ரீயா பாக்கலாம், எம்ஓடின்னா வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு வருஷா வருஷம் பண்ற டெஸ்ட். பாஸா ஃபெயிலான்னு மட்டும் பாக்காதீங்க, கீழ அட்வைசரின்னு, அதாவது ஃபெயில் பண்ணாம கவனிக்கச் சொல்ற குறிப்பு எழுதியிருக்கும், அதுல துரு எந்த எடத்துலன்னு வருஷா வருஷம் என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. 40 வருஷம் தாண்டின வண்டிக்கு, பெருசா மாத்தி அமைக்கலன்னா, 2018ல இருந்து எம்ஓடி கட்டாயம் இல்ல, அதனால ரீஸ்டோர் பண்ணதுக்கு அப்புறம் ஒரு டெஸ்ட்கூட இல்லாம விக்குறாங்க. அப்படி இருந்தா, விக்குறதுக்கு முன்னாடி ஒரு எம்ஓடி போட்டுக் குடுங்கன்னு கேளுங்க. நல்லா வேலை பாத்தவர் தயங்கவே மாட்டார்.

அப்படியே வேலை நடந்தப்ப எடுத்த போட்டோவையும் பில்லையும் கேளுங்க. முக்கியமா முன் ஃபெண்டர கழட்டி வச்ச போட்டோ. ஏன்னு அடுத்த ஸ்டெப்ல புரியும்.

ஸ்டெப் 2: சில்

இங்கதான் நேரம் செலவழிக்கணும், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். எம்ஜிபிக்கு முன்னாடி வந்த எம்ஜிஏல தனி சேசிஸ், அதாவது அடியில தாங்குற சட்டம் உண்டு, எம்ஜிபில கிடையாது, பாடியே தான் சேசிஸ். அதுலயும் ரோட்ஸ்டருக்கு கூரை இல்ல, மூடிய வெட்டி எடுத்த அட்டைப்பெட்டி எப்படி நடுவுல வளையுமோ அப்படி வளையாம இந்த வண்டிய தாங்குறது கதவுக்குக் கீழ ஓடுற சில் தான். அது ஒரே தகடு இல்ல, வெளி சில், நடுவுல ஒரு தகடு, உள் சில், அடியில காசில் ரெயில்னு பல அடுக்கு சேர்ந்து ஒரு பெட்டியா நிக்குது. வெளியில புதுசா இருந்து உள்ள இருக்குற தகடு துருப்பிடிச்சு உதிர்ந்து போயிருந்தா பலமே கிடையாது.

இன்னொரு விஷயம், சில்லோட முன் முனை முன் ஃபெண்டருக்கு உள்ள போய் ஒளிஞ்சிருக்கும், பின் முனையும் அப்படித்தான். ஒழுங்கா மாத்தணும்னா ஃபெண்டர கழட்டணும் இல்ல அதோட அடிப்பகுதிய வெட்டணும், செலவு ஜாஸ்தி. அதனால சில பேர் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு மட்டும் பழைய துரு மேலயே புதுத் தகடு ஒண்ண வெல்டு பண்ணி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு வித்துடுறாங்க. இது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற விஷயம், ஏன்னா வாங்குறவங்க உசுரு அந்தத் தகட்ட நம்பித்தான் ரோட்டுல போகுது.

கண்டுபிடிக்குறது எப்படின்னா, முதல்ல கதவோட பின்பக்க இடைவெளியப் பாருங்க, மேலயும் கீழயும் ஒரே அளவு இருக்கணும், மேல போகப் போக குறுகுச்சுன்னா வண்டி நடுவுல தொங்கியிருக்கு. அப்புறம் ஓனர்கிட்ட சொல்லி சைடுல இருக்குற ஜாக்கி பாயிண்ட்ல வண்டியத் தூக்கச் சொல்லுங்க, தூக்கின நிலையிலயும் கதவு லேசா திறந்து மூடணும். ஜாக்கி வைக்கவே அவர் தயங்குனா அதுவே ஒரு பதில். பெயிண்ட்ல கீறல் விழாம இருக்க மெல்லிய துணி சுத்தின சின்ன காந்தத்த சில், ஃபெண்டர் அடிப்பகுதி, கதவு அடி எல்லாத்துலயும் வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள பட்டி. டார்ச் எடுத்துட்டு அடியில படுத்தும் பாக்கணும், காசில் ரெயிலும் சில்லும் சேருற விளிம்பு தெளிவா தெரியணும், அந்த எடத்துல மட்டும் புதுசா தார் மாதிரி கருப்பு கோட்டிங் தடிமனா பூசியிருந்தா சந்தேகப்படுங்க. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்குற எடத்தையும் விடாதீங்க.

1988ல இருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் கம்பெனி தகட்ட அழுத்தி வடிவம் குடுக்குற பழைய அச்சுகளை வச்சு முழு பாடியே புதுசா செஞ்சு குடுக்குறாங்க. அந்த பாடில கட்டின வண்டின்னா, பில் இருந்தா, விலை ஜாஸ்தி சொன்னாலும் நியாயம்தான்.

ஸ்டெப் 3: இஞ்சின்

நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, போனதும் பானெட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருக்கக் கூடாது. சாவி போட்டதும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக்னு அடிச்சு நிக்கணும், நிக்காம அடிச்சா எங்கயோ லீக் இல்ல பெட்ரோல் இல்ல. சூடானதுக்கு அப்புறம் ஓடுறப்ப ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல இருந்தா நல்லது. இஞ்சின்ல சின்னக் குறை இருந்தா பயப்பட வேணாம், விலையக் குறைச்சுப் பேசிட்டு சரி பண்ணிக்கலாம், பாடி வேலைதான் பைசாவ முழுங்கும்.

ஸ்டெப் 4: சக்கரம்

முன் சக்கரத்தத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா கூட வந்தவர பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, அப்பவும் ஆடுச்சுன்னா சக்கரம் திரும்புறதுக்கு அச்சா இருக்குற கிங்பின் தேஞ்சிருக்கு, நின்னுடுச்சுன்னா பேரிங். வயர் வீல் வண்டின்னா பிரேக் மிதிச்ச நிலையில சக்கரத்த முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்க, டக்குனு சத்தத்தோட அசைஞ்சா ஹப்ல இருக்குற பல்லு தேஞ்சிருக்கு, அத மாத்தாம ஓட்டவே கூடாது.

ஸ்டெப் 5: ஓட்டிப் பாக்குறது

1967 கடைசி வரைக்கும் வந்த வண்டில முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடுறப்பவே கியர் சத்தமில்லாம விழ வைக்குற அமைப்பு) கிடையாது, வண்டி நின்னதுக்கு அப்புறம் போட்டாத்தான் சத்தம் வராது, அது குறை இல்ல. ஓவர்டிரைவ் (அதே வேகத்துல இஞ்சின் சுத்தக் குறைக்குற கூடுதல் கியர்) இருக்குன்னு சொன்னா நாலாவது கியர்ல போட்டுப் பாருங்க, இஞ்சின் சுத்து டக்குனு குறையணும். ஹைவேல போறவங்களுக்கு இது இல்லாம கஷ்டம்.

ஸ்டெப் 6: பேப்பர்

வண்டில இருக்குற சேசிஸ் நம்பரும் வி5சிங்குற ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல இருக்குறதும் ஒண்ணான்னு பாருங்க. கேடன்ங்குற ஊர்ல இருக்குற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிட்டேஜ் சர்ட்டிஃபிகேட் குடுக்குறாங்க, அதுல செஞ்ச தேதி, ஒரிஜினல் கலர், எந்த நாட்டுக்கு அனுப்புனாங்கன்னு இருக்கும். எம்ஜிபில பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது, அங்க இருந்து திரும்பி வந்து ஸ்டியரிங்க வலது பக்கம் மாத்தின வண்டியும் உண்டு. அதுல தப்பில்ல, ஆனா சொல்லி விக்கணும்.

எல்லாம் ஓகேன்னா பணம் குடுத்துட்டு வி5சில புது ஓனருக்குன்னு இருக்குற பச்சை ஸ்லிப்ப வாங்கிக்கோங்க. 40 வருஷம் தாண்டி ஹிஸ்டாரிக்னு பதிஞ்ச வண்டிக்கு டாக்ஸ் பூஜ்யம்தான், ஆனாலும் உங்க பேர்ல டாக்ஸ் போட்டுட்டுத்தான் ரோட்டுல எடுக்கணும். இன்சூரன்ஸ் எடுக்குறப்ப வண்டி மதிப்ப முன்னாடியே பேசி எழுதிக்குற பாலிசியா கேளுங்க, பெட்ரோல் பங்க்ல எத்தனால் ஜாஸ்தி கலந்த இ10 வேணாம், கம்மியா கலந்த இ5 சூப்பர் போடுங்க.