நியூக்ளியர் மெடிசின்: ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் கதிர் எந்திரத்திலிருந்து வருகிறது. நியூக்ளியர் மெடிசினில் கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்துகிறார்கள். கதிர் உடம்பிலிருந்து வெளியே வருகிறது, கேமரா அதை வாங்கிப் படமாக்குகிறது. அதனால் மருந்து எந்த உறுப்பில் போய்ச் சேருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நேற்று எவ்வளவு ஓடினீர்கள், போன மாதம் வேறு என்ன ஸ்கேன் எடுத்தீர்கள் என்பதெல்லாம் அதை மாற்றிவிடும். படம் கெட்டுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் ஸ்கேன் அறைக்கு வெளியேதான் இருக்கிறது.

பெட் (PET) ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். அதில் அதிகம் பயன்படும் எஃப்டிஜி என்ற மருந்து, குளுக்கோஸைப் போன்றது. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை வேகமாக இழுப்பதால், அவை படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு வாய் இனிப்பான காபி உள்ளே போனாலும் இன்சுலின் ஏறி, மருந்தைத் தசைகளுக்குத் தள்ளிவிடும். கட்டி மங்கிப்போகும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள்: சிலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், சிலர் ஸ்கேனுக்குச் சற்று முன்னால் இன்சுலின் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ரத்தச் சர்க்கரை 200 மி.கி.யைத் தாண்டினால் பல இடங்களில் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் முழுக்க ஒளிரும், அதற்கடியில் இருப்பது தெரியாது. எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முந்தின நாள் ஜிம்முக்குப் போக வேண்டாம் என்பதும், மருந்து தசைக்குப் போய்விடக் கூடாது என்ற அதே காரணத்துக்காகத்தான். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தால் குரல்வளைத் தசை ஒளிரும், சூயிங்கம் மென்றால் தாடைத் தசை ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் இருக்கும், உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். கழுத்தில் நெறிகட்டி இருக்கிறதா என்று தேடும் மருத்துவருக்கு இது பெரிய தொல்லை. கேட்காமலே போர்வை தருகிறார்கள் என்றால் வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

நேரத்துக்குப் போகாததும் சின்ன விஷயமில்லை. எஃப்டிஜியில் உள்ள ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 110 நிமிடம். உங்களுக்கென்று எடுத்துவைத்த டோஸ் 3 மணி 40 நிமிடத்தில் கால் பங்காகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குப் போடும் மருந்தல்ல இது. வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட்டால் வேறொரு நோயாளிக்காவது பயன்படும்.

எலும்புகளைப் படமெடுக்கும் போன் (bone) ஸ்கேனில் விரதம் தேவையில்லை. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் போட்டு, 2 முதல் 4 மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் இடுப்பெலும்பை மறைத்துவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: உள்ளாடையில் ஒரு சொட்டு சிறுநீர் பட்டிருந்தாலும் அது இடுப்பெலும்பில் ஒரு புள்ளி போல் தெரியும், புற்று பரவிவிட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். பட்டுவிட்டது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், துணி மாற்றிப் படமெடுத்தால் தீர்ந்தது. போன மாதம் விழுந்தது, பல் பிடுங்கியது, பழைய எலும்பு முறிவு, இவையும் ஒளிரும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு இதய ஸ்கேன்தான் அதிகக் கவலை தருகிறது. டிரெட்மில்லில் ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்து கொடுத்து இதய ரத்தக்குழாய்களை விரிக்கிறார்கள். காஃபீன் அந்த மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். காபி, டீ, கோலா, சாக்லேட், சில தலைவலி மாத்திரைகள், ஏன், டிகாஃப் காபியில்கூடக் கொஞ்சம் காஃபீன் உண்டு. மற்ற ஸ்கேன்களில் தயாரிப்பு சரியில்லை என்றால் படம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதில் அடைப்பு இருந்தும் படம் நன்றாக இருப்பது போலவே வரலாம். தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். வேறு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் கதிரியக்க அயோடின் சிகிச்சை. அயோடின்-131 மருந்தை விழுங்கினால் தைராய்டு செல்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே அதன் பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள் செல்களை அழிக்கிறது. உடம்பில் ஏற்கெனவே சாதாரண அயோடின் நிறைந்திருந்தால் இந்த மருந்துக்கு இடமிருக்காது. அதனால்தான் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களை ஒன்று இரண்டு வாரம் அயோடின் உப்பு, கடல் மீன், பால், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் சாப்பாட்டில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, போன மாதம் வேறொரு மருத்துவமனையில், படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியோடு சிடி எடுத்ததைச் சொல்லாமல் விட்டால் எல்லாம் வீண். அந்த ஊசியில் இருக்கும் அயோடின், சாப்பாட்டில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். 6 முதல் 8 வாரமாவது இடைவெளி விடுவது வழக்கம். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரையின் அயோடின் மாதக்கணக்கில் தங்கும். தைராய்டு மாத்திரையை நிறுத்துவதா, அதற்குப் பதில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சை ஏற்றும் ஊசி போடுவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. மாதவிடாய் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தாலும் சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் சிகிச்சைக்கு ஏறக்குறைய 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி பால் கொடுக்க முடியாது. இதைச் சிகிச்சை நாளில் கேள்விப்படும் தாயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாள் குறிக்கும்போதே பேச வேண்டிய விஷயம் இது.

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறு, ஸ்கேனையும் சிகிச்சையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. போன் ஸ்கேன் முடிந்து வந்தவரை ஒரு வாரம் தனி அறையில் வைக்கும் குடும்பங்கள் உண்டு. டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான், மறுநாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அன்று ஒருநாள் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்கி உட்காராமல் இருந்தால் போதும். அயோடின்-131 அப்படியல்ல, அதன் அரை ஆயுள் 8 நாள். தனிப் படுக்கை, தனி டவல், உட்கார்ந்து சிறுநீர் கழித்து இரண்டு முறை ஃபிளஷ் செய்வது, குழந்தைகளைத் தூக்காமல் இருப்பது எல்லாம் அவசியம். எத்தனை நாள் என்பது டோஸைப் பொறுத்தது. அதே சிகிச்சை எடுத்த இன்னொருவரின் கணக்கைப் பின்பற்றாதீர்கள்.

விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் உள்ள கதிர் கண்டறியும் கருவிகள் சிகிச்சைக்குப் பல வாரம் கழித்தும் ஒலிக்கக்கூடும். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி, மருத்துவமனையின் தொலைபேசி எண் எழுதிய கடிதம் ஒன்றை டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.