பக்கவாத மூளையில் புதுத் தந்துகிகளைப் பெரிசைட்டோடு சேர்த்து எண்ணுவது எப்படி?

அடைப்பு ஏற்பட்ட இடத்தின் ஓரத்தில் சில நாட்களில் புதுத் தந்துகிகள் முளைக்கின்றன. குழாயின் உட்சுவர் செல்கள் பி.டி.ஜி.எஃப்-பிபி என்ற வளர்ச்சிப் புரதம் சுரந்து, தந்துகியை வெளியிலிருந்து அணைத்து நிற்கும் செல்லான பெரிசைட்டை வரவழைக்கும். வந்த பெரிசைட் ஆஞ்சியோபாய்டின்-1 என்ற புரதம் சுரந்து சுவரை இறுக்கும். அது வராத குழாய் கசியும். எனவே குழாயை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான்.

அடைப்பு ஏற்பட்ட 14ஆம் நாள், ஆழ்ந்த மயக்கத்தில் உள்ள சுண்டெலியின் இதயம் வழியாகக் குளிர்ந்த பி.பி.எஸ். (உப்புத் தாங்கல் கரைசல்) 20 மி.லி., அடுத்து திசுவைப் பதப்படுத்தும் ஃபிக்சேட்டிவான 4% பாராஃபார்மால்டிஹைடு 20 மி.லி. செலுத்துங்கள். கல்லீரல் வெளிறவில்லையென்றால் ரத்தம் முழுக்க வெளியேறவில்லை. தங்கிய சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிரும். மூளை அதே ஃபிக்சேட்டிவில் 4 டிகிரியில் ஓர் இரவு இருந்தால் போதும். நாள்கணக்கில் ஊறினால், குழாயின் உட்சுவர் செல்களை அடையாளம் காட்டும் புரதமான சி.டி.31-இன் சாயம் மங்கிவிடும். பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் அடியில் போய் உட்காரும்வரை விட்டு, 40 மைக்ரான் சீவல்களாக வெட்டுங்கள்.

0.3% டிரைட்டான் (செல் சவ்வைத் துளைக்கும் சோப்பு), 5% கழுதை சீரம் கலந்த பி.பி.எஸ்ஸில் 1 மணி நேரம். அதன்பின் எலியில் (சுண்டெலியல்ல, பெரிய எலி) தயாரான சி.டி.31 ஆன்டிபாடி, பெரிசைட்டை அடையாளம் காட்டும் ஏற்பியான பி.டி.ஜி.எஃப்.ஆர்-பீட்டாவுக்கு ஆட்டில் தயாரான ஆன்டிபாடி, ஓர் இரவு.

பலரும் சறுக்குவது, இந்த முதல் ஆன்டிபாடிகளைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியில். காயப்பட்ட பகுதியில் ரத்த-மூளைத் தடுப்பு உடைந்து, சுண்டெலியின் சொந்த ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி) திசுவெங்கும் கசிந்து கிடக்கும். எலி ஆன்டிபாடியைப் பிடிக்க வேண்டிய இரண்டாம் ஆன்டிபாடி அதையும் பிடித்துக்கொள்ளும். காயம் முழுக்க ஒரே மூட்டமாக ஒளிரும். அழகான படம்தான், ஆனால் பொய். சுண்டெலி ஐ.ஜி.ஜி.யோடு ஒட்டாதபடி வடிகட்டிய வகையையே வாங்குங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு சீவலையும் கட்டாயம் போடுங்கள். அது நல்ல பக்கத்துச் சீவலாக இருந்தால் பயனில்லை, காயப் பகுதி அதில் இருக்க வேண்டும்.

கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் 1 மைக்ரான் இடைவெளியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, சி.டி.31 பரப்பில் எத்தனை சதவீதத்தைப் பெரிசைட் மூடியிருக்கிறது என்று அளவிடுங்கள். 10 மைக்ரானுக்கு மேல் விட்டமுள்ளவற்றை ஒதுக்குங்கள். அங்கே மென்தசைச் செல்கள் கலந்துவிடும். குழாயை விட்டு விலகி நிற்கும் பி.டி.ஜி.எஃப்.ஆர்-பீட்டா செல்களைச் சேர்க்காதீர்கள். காயத்துக்குப் பிறகு அவை பெருகித் தழும்புத் திசுவாகின்றன. பெரிசைட்டின் இன்னொரு அடையாளமான என்.ஜி.2 மட்டும் வைத்துப் பார்ப்பதும் ஆபத்து: ஆலிகோடென்ட்ரோசைட் (நரம்பிழைக்கு உறை போடும் செல்) முன்னோடிச் செல்களிலும் அது உண்டு, அவையும் அதே இடத்தில்தான் பெருகும். குழாயின் வெளியுறைப் புரதமான கொலாஜன்-4 சாயத்தை நம்பினால், செல் செத்து வெறும் உறையாக நிற்கும் பழைய குழாய்களும் கணக்கில் ஏறிவிடும்.