சங்கிலிகள் மடிவதும் திரள்வதும்: பைத்தானில் ஒரு எளிய மாதிரி

புரதச் சங்கிலி எப்படி மடிகிறது, பல சங்கிலிகள் சேர்ந்தால் ஏன் திரள்கின்றன என்று கணினியில் பார்க்க ஆசையா? எடுத்த எடுப்பில் லாம்ப்ஸ், குரோமாக்ஸ் போன்ற பெரிய மூலக்கூறு உருவகப்படுத்தல் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம். 1989இல் லாவ், கென் டில் இருவரும் எழுதிய கட்டமாதிரி போதும். ஒவ்வொரு அமினோ அமிலமும் சதுரக் கட்டத்தில் ஒரு மணி. நீரை வெறுக்கும் மணி 1, விரும்பும் மணி 0. சங்கிலியில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு 1கள் கட்டத்தில் பக்கத்தில் வந்தால் ஆற்றல் -1.

முதலில் ஒரே சங்கிலி: 10100110100101100101. இதன் மிகக் குறைந்த ஆற்றல் -9 என்பது தெரிந்த விடை. நிரலைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நுனியைத் திருப்புவது, மூலையைப் புரட்டுவது என்ற நகர்வுகளை எழுதி, மெட்ரோபொலிஸ் விதியால் (ஆற்றல் கூடாவிட்டால் ஏற்பது, கூடினால் வெப்பநிலையைப் பொறுத்த நிகழ்தகவில் மட்டும் ஏற்பது) ஏற்கவோ மறுக்கவோ செய்யுங்கள். மறுத்தாலும் பழைய நிலையைச் சராசரியில் இன்னொரு முறை சேர்க்க வேண்டும். வெப்பநிலையை 2இலிருந்து 0.3 வரை மெல்லக் குறையுங்கள். வேகத்துக்குப் பைத்தான் நிரலை விரைவாக்கும் நம்பா நூலகம் போதும், சி++ தேவையில்லை.

சரி, இனி திரள்வது. 40க்கு 40 கட்டம், ஆறு சங்கிலிகள், விளிம்பைத் தாண்டினால் மறுபக்கம் வரும் எல்லை. இங்கேதான் நிதானம் வேண்டும். மணிகளின் ஆயங்களை (x, y) மடக்காமல் அப்படியே வைத்திருங்கள். எந்தக் கட்டம் காலி என்று பார்க்கும்போது மட்டும் 40ஆல் வகுத்த மீதியை எடுங்கள். மடக்கியே சேமித்தால் 39இலும் 0இலும் இருக்கும் பக்கத்து மணிகள் தூரத்தில் இருப்பதாகக் கணக்காகும். சங்கிலி விளிம்பில் உறைந்துவிடும்.

மணி இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் சங்கிலி எண், மணி எண் இரண்டையும் குறித்து வையுங்கள். மணி எண்ணை மட்டும் பார்த்தால், ஒரு சங்கிலியின் 6ஆம் மணியும் இன்னொன்றின் 7ஆம் மணியும் தொடுவது பிணைப்பு என்று விடுபட்டுப் போகும். உள்தொடுகை (ஒரே சங்கிலிக்குள்), வெளித்தொடுகை (வேறு சங்கிலியோடு) இரண்டையும் தனித்தனியே வரையுங்கள். மடிப்பும் திரளும் ஒரே 1களுக்குப் போட்டியிடுவது அதில்தான் தெரியும்.

பிற்சேர்க்கை: ‘இரு சங்கிலிகளின் 9ஆம் மணிகள் தொடவே மாட்டேன் என்கின்றன’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. கட்டத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு மணிகளில் ஒன்றின் ஆயக்கூட்டல் (x + y) ஒற்றை, மற்றதன் கூட்டல் இரட்டையாகவே இருக்கும். மேலே சொன்ன நகர்வுகள் எதுவும் அதை ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ மாற்றுவதில்லை. தொடக்கத்தில் இரண்டும் ஒரே வகையில் இருந்தால் கடைசிவரை அப்படியேதான், தொடவே முடியாது. அல்சைமர் நோயின் அமிலாய்டு நார்களில் (புரதங்கள் திரண்டு உருவாகும் நார்கள்) ஒரே எண்ணுள்ள அமினோ அமிலங்கள்தான் பெரும்பாலும் பக்கம் பக்கமாக அடுக்கப்படுகின்றன. அந்த அமைப்பையே மாதிரி தடுத்துவிடும். முழுச் சங்கிலியையும் ஒரு கட்டம் தள்ளும் நகர்வை அப்புறம் சேர்த்துவிடுங்கள், தடை நீங்கிவிடும்.