வாசம் ஒத்துக்கலையா, வைஃபை ஒத்துக்கலையா: வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி

இரண்டுக்குமே ஒரு நோட்டு வேண்டும். பனியன் கம்பெனியில் கறை எடுக்கும் ஸ்பிரே நெடிக்குத் தலை வலிக்கிறது என்பவரும், மோடம் பக்கம் போனால் தூக்கம் வருவதில்லை என்பவரும் நாலு வாரம் எழுத வேண்டும்: நேரம், இடம், என்ன நெடி, உபாதை பத்துக்கு எத்தனை, முந்தின ராத்திரித் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறிக்க வேண்டும். அதை விட்டால், விலக்குக்கு முன் வருகிற ஒற்றைத் தலைவலியின் பழி அன்றைக்கு அடித்த ஸ்பிரே மேல் விழுந்துவிடும்.

இரண்டு தொந்தரவையும் சொல்கிறவர்களில் பெண்களே அதிகம். மோப்பம் சராசரியாகப் பெண்களுக்குக் கூர்மை. ஒற்றைத் தலைவலியும் அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதை நெடியே கிளப்பும். வீட்டில் பினாயிலும் ஆசிட்டும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். ஆண்கள் வெளியே சொல்வதும் குறைவு. ஆகவே "பொம்பளைங்க பிரமை" என்பதும் தப்பு, ஆம்பளைக்கு வராது என்பதும் தப்பு.

நோட்டில் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளையும் நோம்பி லீவையும் பாருங்கள். லீவில் குறைந்து, கம்பெனி திறந்ததும் திரும்பினால் சந்தேகம் வேலையிடத்தின் மேல். வீட்டிலேயே கூடினால் ஊதுபத்தி, கொசுவத்தி, புதுத்துணி என வாரத்துக்கு ஒன்றாக நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறிந்தால் சுகமாகும், எதனால் என்றுதான் தெரியாது. சுருங்காத துணிகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கலாம். உடுத்துமுன் அலசினால் கொஞ்சம் போகும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அது ஒவ்வாமைக் கணக்கில் வராது, யாருக்கும் விஷம்.

கம்பெனியில் துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில், துணி மாஸ்க் ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி வைத்தது வேண்டும். அதைவிட, ஸ்பிரேயை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரம் நகர்த்துவது மேல். காற்று ஆளின் முகத்தைத் தாண்டாமல் துணியிலிருந்து நேரே வெளியே போகும்படி நிற்க வேண்டும். சீலிங் ஃபேன் ஆவியை அடுத்த டேபிளுக்குத் தள்ளும், அவ்வளவுதான்.

மூச்சு இளைப்பு, உதட்டு வீக்கம் வந்தால் சோதனை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மற்றவர்கள் ஹீமோகுளோபின் (பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13-க்குக் கீழே சோகை), தைராய்டு இரண்டும் பார்த்துவிடுவது நல்லது.

வைஃபைக்குச் செலவில்லாத சோதனை உண்டு. ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) மோடத்தின் லைட்டுகளை டேப் ஒட்டி மறையுங்கள். வீட்டுப் போன்கள் எல்லாம் ஃபிளைட் மோடில். ஒருவர் காசு சுண்டி, தலை விழுந்தால் ஆன், பூ விழுந்தால் ஆஃப் செய்து தனியே குறித்துக்கொண்டு கண்ணில் படாமல் போய்விட வேண்டும். அரை மணி கழித்து, அவதிப்படுகிறவர் "ஆன்" அல்லது "ஆஃப்" என்று தன் நோட்டில் எழுதட்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, மொத்தம் 20. முடியும்வரை சரியா தப்பா என்று மூச்சு விடக்கூடாது. கெடுவது பெரும்பாலும் அங்கேதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 10 சரியாகும். 15-ம் அதற்கு மேலும் தற்செயலாக வருவது நூற்றில் இரண்டு தடவைதான்.

இதேபோல் மறைத்துச் செய்த ஆய்வுகளில் அலை இருப்பதை, அது ஒத்துக்கலை என்பவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் உபாதை உண்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2005-ல் சொன்னது. உங்கள் கணக்கும் 10, 11-ல் நின்றால் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கருக்குக் காசைக் கரைக்காமல் அந்த நோட்டோடு டாக்டரிடம் போய்த் தூக்கத்தையும் தலைவலியையும் கவனியுங்கள்.